பட்டிப்பொலவுக்குப் போன சின்னத்துரை

ரயில் தலவாக்கலையை விட்டுக் கிளம்பியபோது எங்கள் நாலு பேரின் கால்களுக்கு நடுவே ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. மூடியில் ஆணியால் குத்திய துவாரங்கள். இருபத்துநாலு. குத்தும்போதே எண்ணினேன்.

முதல் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்து இருட்டியதும் பெட்டி "மியாவ்" என்றது.

வெளிச்சம் வந்தபோது, எதிரே கோவா என்கிற முட்டைக்கோஸ் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் எங்கள் நாலு பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் மூத்தவரான பெனடிக்ட் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"சளிங்க. ரெண்டு நாளா இப்பிடித்தான் வருது."

"மருந்து குடிங்க," என்றார் அந்த அம்மாள்.

பெனடிக்ட்தான் எங்கள் தோட்டத்துக்கே மருந்து கொடுப்பவர். டிஸ்பென்சர். இதைச் சொல்லி சலீம் நானா சிரிக்கத் தொடங்கினார். பெட்டிக்குச் சொந்தக்காரனான சந்தனம் மட்டும் சிரிக்கவில்லை. மூடிமேல் வைத்த கையை அவன் எடுக்கவேயில்லை.

பெட்டிக்குள் இருந்தவர் பெயர் சின்னத்துரை. மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவரைச் சுடுவதாக இருந்தார்கள்.

பத்தொன்பது காய்

அதற்கு முன்னால் ஒரு திருத்தம். போன வாரம் இதே பக்கத்தில் கரம் போர்டைப் பற்றி எழுதியதில் பதினெட்டுக் காய் என்று அச்சாகிவிட்டது. கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. பத்தொன்பது. சிவப்பை விட்டுவிட்டு யாராவது கரம் ஆடுவார்களா? இந்த ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை.

லிந்துலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் நான் இரண்டாவது கிளாக்கர். சந்தனம் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் சின்ன டீமேக்கர். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சலீம் நானாவுக்கு லிந்துலையில் புடைவைக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டு, கைக்குட்டையில் பவுடர் டப்பாவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வருவார்.

கரம் ஆட்டம் சந்தனத்தின் குவாட்டர்ஸில்தான் நடக்கும். கல்யாணமாகாதவன் வீடு. எழுந்து போங்கள் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

என்னை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கணக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணிப் பைக்குள் போடுவேன். ஒரு காய் குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருமுறை சிவப்புக் காய் பெனடிக்டின் காற்சட்டை மடிப்பிலிருந்து விழுந்தது. அவர் அதை அங்கே ஒளித்து வைத்து என்னைச் சாயங்காலம் முழுக்கத் தேட விட்டிருந்தார்.

வெள்ளைக் காலுறை

பூனை ஒரு மழைநாளில் தானாக வந்தது. சாம்பல் நிறம். நாலு கால்களும் முழங்கால்வரை வெள்ளை. தோட்டத்துத் துரைமார் அரைக் காற்சட்டைக்குக் கீழே போடும் நீண்ட வெள்ளைக் காலுறை மாதிரியே இருந்தது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்தில் எழுந்து, தண்ணீர்க் கான் ஓரமாக நடந்து, எங்கேயும் நின்று எதையும் செய்யாமல், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். இதற்குப் பிறகு வேறு என்ன பெயர் வைப்பது? தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு உதவியாக இருந்தவருக்குத் தோட்டத்தில் சின்னத்துரை என்றுதான் சொல்வார்கள். பூனைக்கும் அதையே வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தனம் உள்ளேயிருந்து, "சின்னத்துரை, மேசைய விட்டு எறங்குடா! மூஞ்சியப் பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தான். வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிஜச் சின்னத்துரை வாசலில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எனக்கு அப்போதே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் பூனையின் கால்களைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் முழுக்க அவர் கறுப்புக் காலுறை போட்டிருந்தார்.

பூனைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கரம் போர்டின் நடுவட்டத்தில், சிவப்புக் காய் இருக்கவேண்டிய இடத்தில் படுத்துக்கொள்ளும். படுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். தூக்கிப் போட சலீம் நானா விடமாட்டார்.

"தூங்குற பூனைய எழுப்பப்படாதுங்க. அதுவா எந்திரிக்கும்."

"அது எந்திரிக்கிறதுக்குள்ள நான் ரிட்டையராயிருவேன் நானா," என்பார் பெனடிக்ட்.

ஆனாலும் காத்திருப்போம். சந்தனம் பால் விடாத தேநீரை, எங்கள் சாயத்தண்ணியை, ஊற்றுவான். அதைக் குடித்துக்கொண்டு, பூனையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நாலு ஆண்பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்தச் சும்மா இருத்தல் எவ்வளவு நன்றாக இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

பலகைக்குச் சூடு காட்டியது

எங்கள் மலையில் மூடுபனி கதவைத் தட்டாமல் உள்ளே வரும். மழைக்காலத்தில் கரம் போர்டு ஈரத்தை இழுத்து ஊறிவிடும். பவுடர் போட்டால் பிசைந்த மாவாகும். அடித்த காய் பாதி வழியில் நின்று யோசிக்கும்.

அதற்குச் சந்தனம் ஒரு வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமை வேலை முடிந்து, தேயிலை காய வைக்கும் இயந்திரம் ஆறத் தொடங்கும் நேரத்தில் போர்டை அந்த அறைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவான். ஞாயிறு மதியம் எடுத்து வந்தால் பலகை கண்ணாடி. தேயிலை மணம் வேறு. தொட்டால் காய் ஓடும். அந்த மாவட்டத்திலேயே எங்கள் போர்டு மாதிரி கிடையாது என்று பெனடிக்ட் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்டு பூனைக்குப் படுக்கை என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. படுக்கை போன இடத்துக்குப் பூனையும் போனது. போன இடத்தில், லிந்துலைப் பக்கத்திலேயே கதகதப்பான இடம் எதுவோ அதைக் கண்டுபிடித்துவிட்டது. சில நாளில் பலகையை விட்டு இறங்கி, சலித்துக் குவித்த தேயிலைமேல் படுக்கத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையாக வைத்த கிண்ணங்களில் பெரிய துரை தேயிலையை ருசி பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கிண்ணத்தில் நின்றார். நாக்கின் நுனியிலிருந்து ஒரு மயிரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறம்.

பெரிய டீமேக்கர் சந்தனத்தைத் தனியே கூப்பிட்டார். பக்கத்து மேசையில் நான் இருந்தேன்.

"ஒன் வேலையப் பத்தி நான் பேசல. பூனையப் பத்திதான் பேசுறேன். திங்கக்கெழம காலைல அது ஸ்டோருக்குள்ள இருந்திச்சுன்னா, வாட்சர் துவக்கோட நிப்பான். பெரிய தொர சொல்லியாச்சு."

"வீட்ல பூட்டி வச்சிக்கிறேங்க."

"வச்சுக்க. நான் வேணாங்கல."

அன்று மாலையே பூட்டி வைத்தான். பூனை கூரைத் தகர இடுக்கால் வெளியே வந்து, இரவு ஷிப்டுக்கு அவனுக்கு முன்னாலேயே ஸ்டோரில் இருந்தது. சனிக்கிழமை காலையில் சலீம் நானா தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் போகும்போது அது திரும்பி வந்து தேயிலைச் சல்லடைக்குப் பக்கத்தில் காலுறையை நக்கிக்கொண்டிருந்தது.

"எங்கியாச்சும் உசுரோட இருந்தாப் போதும்ங்க," என்றான் சந்தனம். "எங்கிட்ட இருக்கணும்னு இல்ல."

அப்போதுதான் சலீம் நானா பட்டிப்பொலவைச் சொன்னார். அங்கே இருந்த சிங்கள ஸ்டேஷன் மாஸ்டர் முன்பு தலவாக்கலையில் இருந்தவர், நானாவிடம் துணி வாங்கியவர். அங்கே மரக்கறி மூட்டைகள் கிடக்கும் கொட்டகையில் எலித் தொல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எந்தப் பூனையும் நடந்து வராது.

"வழி தெரியக் கூடாது," என்றார் பெனடிக்ட். "தேயிலப் பொட்டில போட்டுக் கொண்டுபோவம். உள்ள ஈயத்தாள் இருக்குல்ல? வெளிச்சமும் போகாது, வாசமும் போகாது. எந்தப் பக்கம் போறோம்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

பி.ஓ.பி.

நான் அப்போதே சொன்னேன். பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் இருக்கிறது. அதன் கீழே பி.ஓ.பி. என்று தேயிலை ரகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர்க்காரன் ஒருவன், கிளாக்கர் ஒருவன், கடைக்காரர் ஒருவர், தேயிலைப் பெட்டியோடு ரயிலில். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

"கணக்கு, ஒங்களுக்குக் கவலப்பட எதாச்சும் ஒன்னு வேணும்," என்றார் பெனடிக்ட். "இன்னிக்கு இது."

நானுஓயாவில் வண்டி நின்றது. ஒரு பொலிஸ்காரர் ஏறினார். பெட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தபின் வேறெதையும் பார்க்கவில்லை.

என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார்.

"பூசா, சேர்," என்றார் பெனடிக்ட். பூனை என்று அர்த்தம்.

பொலிஸ்காரர் குனிந்து எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "பி.ஓ.பி. பூசா?"

"நல்ல ரகம் சேர். வாலோட வரும்."

"திற."

சந்தனம் மூடியை இரண்டு விரல் அளவுக்குத்தான் தூக்கினான். அது போதுமாக இருந்தது. சின்னத்துரை வெளியே பாய்ந்து, பொலிஸ்காரரின் தொப்பியை உரசிக்கொண்டு போய், சலீம் நானாவின் மடியில் இறங்கியது. கோவாக் கூடை அம்மாள், "ஒங்க சளி வெளிய வந்துருச்சுங்க," என்றார் பெனடிக்டிடம்.

ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. பொலிஸ்காரர் தேயிலைப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். சாக்கு ஒன்றும் ஒரு நெத்தலித் தலையும் கிடைத்தன. பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு அது பெட்டிக்குள் போக மறுத்துவிட்டது. நானாவின் மடியில் முன்னங்கால்களை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு தோட்டத்தையும், ஒவ்வொரு பாலத்தையும் பார்த்துக்கொண்டே வந்தது. சுரங்கங்களை நான் எண்ணினேன். அதுவும் எண்ணிக்கொண்டு வருகிறது என்றே எனக்குத் தோன்றியது.

"முழு வழியையும் பாத்துருச்சு. திரும்பி வந்துரும்," என்றேன்.

"வந்தா வரட்டுமேங்க," என்றான் சந்தனம். அன்று முதல்முறையாக அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே துவக்கு ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சோடா மூடிகள்

பட்டிப்பொல ஸ்டேஷனில் குளிர் சட்டைப் பொத்தான் வழியாக உள்ளே வந்தது. கரிப்புகை, ஈரச் சாக்கு, நறுக்கிய கோவாத் தண்டு எல்லாம் கலந்த வாசம். ஸ்டேஷன் மாஸ்டர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். நானாவைக் கண்டதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூனையைக் கண்டதும் கையை விட்டுவிட்டார்.

"பூனை வேணாம் முதலாளி. எல்லாத் தோட்டமும் பூனை நமக்குத்தான் அனுப்புறது. மூணு வந்தது. மூணும் நல்லா சாப்புட்டது. மூணும் அடுத்த கோச்சியில ஏறிப் போனது."

பக்கத்தில் நின்ற போர்ட்டர் சிரித்தார். மாஸ்டர் அவரைக் காட்டினார்.

"இவன் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறான். இன்னும் ஒரு பூனை எடுத்தா என் மீசை எடுக்கிறதுன்னு இவன்கிட்ட சொல்லியாச்சு. பேச்சு பேச்சுத்தான்."

நானா எவ்வளவோ பேசிப் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். துவக்கு என்றதும் மாஸ்டர் மீசையைத் தடவினார். ஆனால் தலையை ஆட்டவில்லை.

திரும்பிப் போகும் வண்டிக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்து வாங்கில் உட்கார்ந்து, நானா கொண்டுவந்த தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பிரித்தோம். மாஸ்டருக்கும் கொடுத்தோம். சந்தனம் சாப்பிடவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு மரக்கறிக் கொட்டகைப் பக்கம் போய் நின்றான்.

வாங்கின் ஓரத்தில் ஒரு பலகை கிடந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டம். மேலே சோடாப் போத்தல் மூடிகள். பன்னிரண்டு நிமிர்ந்தவை, பன்னிரண்டு கவிழ்ந்தவை. சரியாக இருக்கிறதா என்று நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். அதை மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"தாம் ஆட்டம் தெரியுமா மாத்தயா?"

"தெரியும்."

அவர் போர்ட்டரைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பிறகு சத்தமாக, போர்ட்டருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"ஹரி, சரி. நீங்க ஜெயிச்சா பூனை இங்க. நான் ஜெயிச்சா பூனை உங்க கோச்சியில. மீசை இருக்கும்."

நான் மறுக்க வாயெடுத்தேன். பெனடிக்ட் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். நிமிர்ந்த மூடிகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தாம் ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்க் காயைத் தாண்ட வழியிருந்தால் தாண்டி வெட்டியே ஆகவேண்டும். வெட்டாமல் வேறு காயை நகர்த்தினால், வெட்டியிருக்க வேண்டிய அந்தக் காயை எதிராளி எடுத்துவிடலாம். பிறகு தன் ஆட்டத்தையும் ஆடலாம். பட்டிப்பொலவிலும் அதே சட்டம்தான். முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டேன்.

அவர் வேகமாக ஆடினார். மூடிகள் பலகையில் டொக் டொக் என்று நகர்ந்தன. எனக்கு ஐந்து காய் இருந்தபோது அவருக்கு ஆறு. எண்ணிக்கையை விட இடம் மோசம். எந்தப் பக்கம் போனாலும் இன்னும் நாலைந்து நகர்த்தலில் முடிந்துவிடும் என்று தெரிந்தது. நானாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

வேறு வழியில்லாமல் ஒரு காயை அவர் காய்க்கு எதிரே தள்ளினேன். அதன் பின்னால் கட்டம் காலி. அவர் வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவர் வெட்டவில்லை. கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சந்தனத்தின் கையிலிருந்து இறங்கிய பூனை ஓர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் காதை முன்னுக்கு விட்டுக்கொண்டு அசையாமல் குந்தியிருந்தது. மூட்டைக்குள் எதுவோ சரசரத்தது. மாஸ்டர் அதைப் பார்த்தபடியே வேறொரு மூடியை ஓரத்தில் நகர்த்தினார்.

"வெட்டலியே!" பெனடிக்ட் எழுந்தே விட்டார். "கணக்கு, அவர் வெட்டல! எடுங்க, எடுங்க!"

"சேர், வெட்ட இருந்தது," என்று போர்ட்டரும் கத்தினார்.

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் அந்தக் காயை எடுத்தேன். எடுத்ததும் வழி திறந்தது. மூன்று காய்களை வரிசையாகத் தாண்டி அந்தக் கரையில் போய் ராஜா ஆனேன். பிறகு அவருக்கு மிச்சமிருந்தது இரண்டு. அவற்றை மூலையில் வைத்து முடித்தேன்.

"என்ன செய்றது," என்றார் அவர் போர்ட்டரிடம். "தோத்தாச்சு. ஆட்டத்துல தோத்தா மீசைக் கணக்கு இல்லை." பிறகு எங்களிடம், "பேர் என்ன?"

"சின்னத்துரைங்க," என்றான் சந்தனம்.

"அப்போ நமக்கு மேல ஆபீசர்."

திரும்பும் வண்டியில் காலிப் பெட்டியைச் சந்தனம் மடியிலேயே வைத்துக்கொண்டான். நானுஓயாவில் மறுபடி யாராவது கேட்பார்களோ என்று எனக்கு ஒரே கவலை. யாரும் கேட்கவில்லை.

"வந்துருமாங்க?" என்று கேட்டான் அவன்.

"வராது," என்றேன். எனக்கு நிச்சயமில்லை.

திங்கட்கிழமை காலையில் வாட்சர் துவக்கோடு வந்தார். ஸ்டோர் வாசலில் நின்றார். சந்தனம் கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்தார். போய்விட்டார்.

ஒன்று

அது வரவில்லை. நாங்கள்தான் போனோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கரம் போர்டுக்கு விடுமுறை. தலவாக்கலையில் ஏறி, ரொட்டியும் சம்பலும், பூனைக்கு நெத்தலிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு பட்டிப்பொலவுக்குப் போவோம். சந்தனத்தை மஸ்கெலியாப் பக்கம் மாற்றிய பிறகும் அவன் பஸ்ஸில் அட்டனுக்கு வந்து எங்கள் வண்டியைப் பிடித்துவிடுவான்.

பூனை பருத்தது. விளக்கு அறையின் ஜன்னல் விளிம்பு அதன் இடம். வண்டி வரும்போதெல்லாம் பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பும். ஒரு வண்டியிலும் ஏறியதில்லை. சந்தனத்தைக் கண்டால் மட்டும் நடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவரும்.

ஒவ்வொரு முறையும் மாஸ்டரோடு நான் தாம் ஆடுவேன். ஒவ்வொரு முறையும் தோற்றேன். முதலில் குளிரின்மேல் பழியைப் போட்டேன். பிறகு மூடிகள் வளைந்திருக்கின்றன என்றேன். ஒரு முறை மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டுகூடப் போனேன். அவர் முகத்தையும் கவனித்தேன். போர்ட்டரைத் திட்டிக்கொண்டு, தந்திச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, கடந்துபோகும் சரக்கு வண்டிக்குக் கொடி காட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகூட, வெட்ட வேண்டிய ஒரு காயை அவர் தவறவிட்டதில்லை.

ஒரு மதியம் நாங்கள் அதே வாங்கில் இருந்தோம். மாஸ்டர் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சந்தனம் பூனையை மடியில் வைத்து, வெள்ளைக் காலுறையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இது எத்தனாவது ஆட்டங்க கணக்கு?"

"முதல் ஆட்டத்தைச் சேத்தா நாப்பத்திரண்டு."

"எத்தன ஜெயிச்சிருக்கீங்க?"

"ஒன்னு."

அவன் துடைப்பதை நிறுத்தினான். மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். மாஸ்டர் ஒரு மூடியைக் கையில் எடுத்து, அது நிமிர்ந்ததா கவிழ்ந்ததா என்பதே பெரிய சந்தேகம் போல, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒன்னு போதுங்க," என்றான் சந்தனம்.

நான் ஏதோ சொல்ல நினைத்தேன். அதற்குள் சின்னத்துரை அவன் மடியிலிருந்து இறங்கி, வாங்கின்மேல் நடந்து வந்து, அடுக்கிய மூடிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டு பலகையின் நடுவில் சுருண்டு படுத்தது. மாஸ்டர் அதைத் தூக்கக் கையை நீட்டினார்.

"எழுப்பாதீங்க மாஸ்டர்," என்றார் சலீம் நானா. "அதுவா எந்திரிக்கும்."

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். போர்ட்டர் ஐந்து கோப்பை சாயத்தண்ணி கொண்டுவந்தார். ஐந்துதான், எண்ணினேன். கீழே விழுந்த மூடிகளை மட்டும் நான் எண்ணவில்லை.